உணவுப் பாதுகாப்பு விதியில் மாற்றம் கேட்டால் ஆணையம் அதை எப்படி எடைபோடும்? முழுமையான வழிகாட்டி

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். கையில் இருக்கும் ஆய்வறிக்கைகளை எல்லாம் அடுக்கி, "இது பாதுகாப்பானது" என்று நிரூபிக்கக் கிளம்பிவிடுகிறார்கள். ஆணையத்தின் மதிப்பீட்டாளர் தேடுவது அதையல்ல. இந்தச் சட்ட வரியை இப்படி மாற்றினால், யார் எவ்வளவு கூடுதலாக உட்கொள்வார்கள், அது சட்டம் சொல்லும் நிபந்தனைக்குள் நிற்குமா என்றுதான் அவர் பார்க்கிறார். இந்தக் கேள்வியை முதலில் எழுதிவைத்துவிட்டு வேலையைத் தொடங்கினால் பாதிச் சிக்கல் குறையும்.

நிறுவனத்துக்காக விண்ணப்பம் தயாரிப்பவர், நுகர்வோர் அமைப்பில் வரைவுக்குக் கருத்து எழுதுபவர், ஆணையத்தில் புதிதாகச் சேர்ந்த அலுவலர் என மூன்று பேருக்கும் கீழே உள்ள வரிசை பொருந்தும். நாட்டுக்கு நாடு படிவமும் பெயரும் மாறும். வரிசை பெரிதாக மாறுவதில்லை.

1. மாற்ற வேண்டிய வரியை முதலில் எழுதுங்கள்

இப்போது விதி என்ன சொல்கிறது, மாற்றத்துக்குப் பிறகு என்ன சொல்ல வேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். "இந்தப் பதப்படுத்தியைப் பானங்களில் அனுமதிக்க வேண்டும்" என்பது கோரிக்கை ஆகாது. எந்தப் பொருள், எந்த உணவு வகைப் பிரிவு, லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் வரை, எந்தத் தூய்மை விவரக்குறிப்போடு என்று வந்தால்தான் அது கோரிக்கை.

காரணம் எளிது. "பானங்கள்" என்ற ஒரு சொல்லுக்குள் பழச்சாறும் வரும், காற்றேற்றிய பானமும் வரும், குழந்தைகளுக்கான பானமும் வரும். எது உள்ளே, எது வெளியே என்று தெரியாமல் யாரும் உட்கொள்ளும் அளவைக் கணக்கிட முடியாது. வரி மங்கலாக இருந்தால் மதிப்பீட்டாளர் ஆகப் பரந்த பொருளைத்தான் எடுத்துக்கொள்வார். அந்தக் கணக்கில் உங்கள் கோரிக்கை வீணாகத் தோற்கும்.

கூடவே ஒரு பத்தியில் பிரச்சினையைச் சொல்லுங்கள். இப்போதைய விதியால் என்ன கேடு நடக்கிறது, அல்லது எது தடைபடுகிறது? பிரச்சினையைச் சொல்ல முடியாத விண்ணப்பத்துக்குப் பின்னால் வரும் எந்தப் பகுதியும் காலூன்றாது.

2. சட்டத்தின் அளவுகோலைப் படியுங்கள்

ஆய்வறிக்கையைத் திறக்கும் முன்பே செய்ய வேண்டிய வேலை இது. "பாதுகாப்பானது" என்ற சொல்லுக்கு ஒவ்வொரு சட்டமும் தன் அளவுகோலை வைத்திருக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் உணவுச் சேர்க்கைப் பொருளுக்கான 2008-ஆம் ஆண்டு விதி மூன்று நிபந்தனைகளைக் கேட்கிறது. பாதுகாப்புக் கவலை இருக்கக் கூடாது. வேறு வழியில் தீராத நியாயமான தொழில்நுட்பத் தேவை இருக்க வேண்டும். நுகர்வோரைத் தவறாக வழிநடத்தக் கூடாது. முதல் நிபந்தனைக்கு நூற்றுக்கணக்கான பக்கங்களும் இரண்டாவதற்கு அரைப் பக்கமும் எழுதி அனுப்புகிறவர்கள் நிறைய. அந்த அரைப் பக்கத்தாலேயே கேள்விகள் திரும்பி வரும்.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து இரண்டுக்கும் பொதுவான ஆணையத்தின் 1991-ஆம் ஆண்டுச் சட்டம் நோக்கங்களை முன்னுரிமை வரிசையிலேயே தருகிறது: பொதுமக்களின் உடல்நலம், தெரிந்து தேர்வு செய்யப் போதுமான தகவல், ஏமாற்று நடத்தையைத் தடுத்தல். வரிசை அங்கே சட்டத்தின் பகுதி. தகவல் உரிமை என்ற வாதத்தை உடல்நல வாதத்துக்கு முன்னால் வைத்து எழுதினால் எடுபடாது.

சட்டத்தின் சொல் எவ்வளவு தூரம் முடிவைத் தீர்மானிக்கும் என்பதற்கு அமெரிக்க உதாரணம் ஒன்று. ரெட் நம்பர் 3 என்ற நிறமிக்கு உணவிலும் உட்கொள்ளும் மருந்திலும் இருந்த அனுமதியை, அந்நாட்டின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ 2025 ஜனவரியில் விலக்கிக்கொண்டது. 2022-இல் வந்த மனு ஒன்றின் மீதான முடிவு அது. ஆண் எலிகளில் புற்றுநோய் வந்த வழிமுறை மனிதர்களில் நிகழ்வதில்லை என்று எஃப்டிஏவே சொன்னது. ஆனாலும், மனிதரிலோ விலங்கிலோ புற்றுநோய் உண்டாக்குவதாகக் கண்ட நிறமியை அனுமதிக்க அமெரிக்க உணவுச் சட்டத்தின் டெலானி பிரிவு இடம் தருவதில்லை. அங்கே ஆபத்து எவ்வளவு என்ற கணக்குக்கே வேலை இல்லாமல் போனது. உங்கள் பொருள் இப்படி ஒரு பிரிவுக்குள் விழுகிறதா என்பதை முதல் நாளே பாருங்கள்.

3. கோப்பு வாசலைத் தாண்ட வேண்டியவை

முதலில் நடப்பது நிர்வாகச் சரிபார்ப்பு. அறிவியலை இங்கே யாரும் படிப்பதில்லை, எல்லாத் தாளும் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். பொருளின் வேதி அடையாளம், தயாரிப்பு முறை, தூய்மை விவரக்குறிப்பு, உணவில் அதை அளக்கும் சோதனை முறை, நச்சியல் ஆய்வுகளின் முழு அறிக்கை, பயன்பாட்டு அளவுகள், மற்ற நாடுகளில் அதன் நிலை. இவை குறைந்தபட்சம்.

இங்கே அடிக்கடி நடக்கும் மூன்று தவறுகள்: முழு அறிக்கைக்குப் பதில் சுருக்கத்தை இணைப்பது, ஆய்வுக்கூடத்தில் சோதித்த மாதிரியும் சந்தைக்கு வரப்போகும் பொருளும் ஒரே தூய்மையில் இல்லாமலிருப்பது, தொழில் ரகசியம் என்று எல்லாப் பக்கத்திலும் முத்திரை குத்துவது. இரண்டாவதுதான் மோசமானது. சோதித்த பொருள் வேறு, விற்கப்போகும் பொருள் வேறு என்று தெரிந்தால் ஆய்வு முழுவதும் பயனற்றுப் போகும். முடிவுகளைப் படிக்கும் முன் இரண்டு விவரக்குறிப்புகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

ஐரோப்பாவில் இன்னொரு கண்ணி உண்டு. 2021 மார்ச் 27 முதல், விண்ணப்பத்துக்காகச் செய்விக்கும் ஆய்வுகளைத் தொடங்கும் முன்பே ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்சாவிடம் பதிவு செய்ய வேண்டும். ஆய்வு முடிந்த பிறகு நினைவுக்கு வந்து பயனில்லை. சாதகமான முடிவுகளை மட்டும் பொறுக்கி எடுத்து அனுப்புவதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு.

4. தீங்கு எது, எந்த அளவில்?

இடர் மதிப்பீட்டுக்கு நான்கு படிகள்: தீங்கை இனங்காண்பது, எந்த அளவில் அது தீங்காகிறது என்று நிர்ணயிப்பது, மக்கள் எவ்வளவு உட்கொள்கிறார்கள் என்று கணக்கிடுவது, மூன்றையும் சேர்த்து இடரைச் சொல்வது. சர்வதேச உணவுத் தரநிலைகளை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பும் பெரும்பாலான தேசிய ஆணையங்களும் இந்த வரிசையில்தான் நடக்கின்றன.

முதல் இரண்டு படிகளில் ஆணையம் தேடுவது ஓர் எண்ணை. விலங்கு ஆய்வில் பாதகம் எதுவும் தென்படாத மிக உயர்ந்த அளவு உடல் எடை கிலோவுக்குத் தினம் 500 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். விலங்கிலிருந்து மனிதருக்கு வர 10, மனிதருக்கு மனிதர் இருக்கும் வேறுபாட்டுக்கு 10, மொத்தம் 100-ஆல் வகுப்பது வழக்கம். வாழ்நாள் முழுக்கத் தினமும் உட்கொண்டாலும் கவலையில்லை என்று கொள்ளும் ஏற்கத்தக்க தினசரி அளவு உடல் எடை கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்று கிடைக்கும். தரவில் ஓட்டை இருந்தால் 100 என்பது இன்னும் பெரிதாகும். அதனால்தான் விடுபட்ட ஒரு ஆய்வு, பாதகமான ஆய்வு அளவுக்கே விலை வைக்கும்.

மரபணுவைத் தாக்கிப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளுக்கு இந்த வழி செல்லாது. பாதுகாப்பான அளவு என்று ஒன்றைக் காட்ட முடியாததால் இடைவெளியைக் கணக்கிடுவார்கள். விலங்குகளில் புற்றுநோயைச் சிறிதளவு கூட்டும் அளவுக்கும் மக்கள் உட்கொள்ளும் அளவுக்கும் இடையே 10,000 மடங்கோ அதற்கு மேலோ இருந்தால், பொதுச் சுகாதார நோக்கில் கவலை குறைவு என்று எஃப்சா கொள்கிறது. இது அனுமதிக்கான சீட்டு அல்ல. தவிர்க்க முடியாத மாசுகளில் எதை முதலில் கவனிப்பது என்று வரிசைப்படுத்தும் கருவி.

ஒரே தரவைப் பார்த்து இரண்டு நிபுணர் குழுக்கள் இரண்டு முடிவுக்கு வரலாம், நேர்மையாகவே. உணவுக்கு வெண்மை தரும் நிறமியான டைட்டானியம் டை ஆக்சைடு இனி பாதுகாப்பானதாகக் கருத முடியாது என்று எஃப்சா 2021-இல் சொன்னது, ஏனென்றால் மரபணு பாதிப்பு பற்றிய சந்தேகத்தை விலக்க முடியவில்லை. ஒன்றியம் 2022-இல் அனுமதியை நீக்கியது. கோடெக்ஸுக்கு ஆலோசனை சொல்லும் ஜெக்ஃபா குழு 2023-இல் அதே பொருளுக்கு எண் வரம்பு தேவையில்லை என்ற பழைய நிலையையே உறுதிசெய்தது. எனவே "வெளிநாட்டு ஆணையம் அனுமதித்துவிட்டது" என்ற ஒற்றை வாதத்தின் மேல் கோப்பைக் கட்டாதீர்கள். அந்த ஆணையம் எந்த ஆய்வுகளைச் சேர்த்தது, எதை ஏன் ஒதுக்கியது என்பதை எழுதுங்கள்.

5. யார், எவ்வளவு உட்கொள்கிறார்கள்?

என் அனுபவத்தில் அதிகக் கேள்விகள் வருவது இந்தப் பகுதியில்தான். நச்சியலுக்கு ஆய்வுக்கூடத்தைப் பிடித்துப் பணம் கொடுத்துவிடலாம். இங்கே நீங்களே உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

மேலே வந்த 5 மில்லிகிராமையே எடுத்துக்கொள்வோம். ஒரு பானத்தில் லிட்டருக்கு 300 மில்லிகிராம் கேட்கிறீர்கள். 60 கிலோ எடையுள்ள பெரியவருக்கு நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் வரை போகலாம். அவர் 250 மில்லி குடித்தால் 75 மில்லிகிராம்தான், வரம்பில் கால் பங்கு. பெரும்பாலான வரைவுகள் இந்த இடத்தில் நிம்மதியாக முடிந்துவிடும்.

மதிப்பீட்டாளர் அடுத்த வரியைப் போடுவார். 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு வரம்பே 75 மில்லிகிராம். அதே 250 மில்லி பானம் முழு வரம்பையும் எடுத்துக்கொள்ளும். ஏற்கெனவே அனுமதி உள்ள மற்ற உணவுகளிலிருந்து தினம் 20 மில்லிகிராம் வருகிறது என்றால் மொத்தம் 95. அதாவது வரம்பில் 127 சதவீதம். லிட்டருக்கு 200 என்று கேட்டிருந்தால் 50-உம் 20-உம் சேர்ந்து 70, வரம்பில் 93 சதவீதம். கோரிக்கையின் எண் இப்படித்தான் பின்னாலிருந்து வர வேண்டும். தொழிற்சாலைக்கு வசதியான எண்ணை முதலில் எழுதிவிட்டு அப்புறம் நியாயம் தேடினால், 127 வந்து நிற்கும்போது பதில் இருக்காது.

இந்தக் கணக்கில் சரிபார்க்க வேண்டியவை:

உடல் எடைக்கு ஒப்பிட்டால் அதிகம் உண்பவர்கள் குழந்தைகள். அவர்களுக்குத் தனிக் கணக்கு போடுங்கள். பன்னிரண்டு வாரத்துக்கு உட்பட்ட சிசுக்களுக்கு ஏற்கத்தக்க தினசரி அளவு என்ற கருத்தையே ஜெக்ஃபா பொதுவாகப் பொருத்துவதில்லை. சிசு உணவு உங்கள் வரிக்குள் வந்தால் தனி ஆய்வு வேண்டும்.

சராசரி மட்டும் போதாது. அதிகம் உண்பவர்களின் அளவு வேண்டும். 90, 95 அல்லது 97.5-ஆம் சதமானம், எது என்று அந்த ஆணையத்தின் வழிகாட்டியில் இருக்கும் (95-ஆம் சதமானம் என்றால், நூறில் 95 பேரின் உட்கொள்ளல் அதற்குள் அடங்கும் அளவு). அந்த உணவைத் தொடாதவர்களையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் எண் சிறிதாகிவிடும். உண்பவர்களை மட்டும் எடுத்தீர்களா, எல்லோரையுமா என்பதை ஒவ்வொரு அட்டவணைத் தலைப்பிலும் எழுதுங்கள்.

ஒரே பிராண்டை விடாமல் வாங்குகிறவர் இருப்பார். அந்த பிராண்டில் உச்ச அளவு சேர்த்திருந்தால் அவர் நிலை என்ன? சேர்க்கைப் பொருள்களை மறுமதிப்பீடு செய்யும்போது எஃப்சா இந்தக் காட்சியைத் தனியாகக் கணக்கிடுகிறது. நீங்களும் முன்கூட்டியே போட்டுவையுங்கள்.

ஓரிரு நாள் உணவுக் கணக்கெடுப்பை வைத்து நீண்டகால உட்கொள்ளலைச் சொல்லும்போது கவனம் தேவை. எப்போதாவது உண்ணும் உணவில் அது உச்ச எண்களை மிகைப்படுத்தும். ஒரே வேளையில் தீங்கு தரக்கூடிய பொருளுக்கோ நாள் சராசரி உதவாது, ஒரு வேளையின் உச்ச அளவு வேண்டும்.

மாசுப் பொருள் என்றால் இன்னொரு சிக்கல். பல மாதிரிகளில் கருவி எதையும் காட்டாது. அதைப் பூஜ்யம் என்று எடுப்பதா, கருவி கண்டறியக்கூடிய குறைந்த அளவு என்று எடுப்பதா? இரண்டு வகையிலும் கணக்கிட்டு இரண்டையும் காட்டுவதுதான் முறை. இரண்டுக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் உங்கள் சோதனை முறை போதிய நுண்மை இல்லாதது என்று பொருள். பூஜ்யத்தை மட்டும் காட்டுகிறவரைப் பற்றி மதிப்பீட்டாளருக்கு உடனே சந்தேகம் வரும். கோப்பின் மற்ற பக்கங்களையும் அந்தக் கண்ணோடுதான் படிப்பார்.

மாதிரிகள் எப்படி எடுக்கப்பட்டன என்பதும் முக்கியம். புகார் வந்த இடங்களில் அதிகாரிகள் எடுத்த மாதிரிகளை வைத்து நாடு முழுவதற்கும் சராசரி சொன்னால் எண் ஏறிவிடும். தரமான தொழிற்சாலைகள் தாங்களாகக் கொடுத்த தரவை மட்டும் வைத்தால் இறங்கிவிடும்.

6. வரம்போடு மாதிரித் திட்டமும் சோதனை முறையும்

"கிலோவுக்கு இத்தனை மைக்ரோகிராம்" என்று எழுதினால் தரநிலை முடிந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். எத்தனை மாதிரி எடுப்பது, எந்த முறையில் சோதிப்பது, எத்தனை தவறினால் சரக்கை நிராகரிப்பது என்பவை சேராமல் அந்த எண்ணை யாராலும் அமல்படுத்த முடியாது.

நுண்ணுயிர் வரம்புகளில் இது பளிச்சென்று தெரியும். சிசுக்களுக்கான பால்மாவில் சால்மோனெல்லாவுக்கு கோடெக்ஸ் சொல்வது: ஒரு தொகுதியிலிருந்து 60 மாதிரி, ஒவ்வொன்றும் 25 கிராம், ஒன்றில்கூட இருக்கக் கூடாது. மொத்தம் ஒன்றரைக் கிலோ மாவைச் சோதிக்கிறார்கள். க்ரோனோபேக்டருக்கு 30 மாதிரி, ஒவ்வொன்றும் 10 கிராம். இரண்டிலும் "இருக்கக் கூடாது" என்ற சொல் ஒன்றுதான், கண்டுபிடிக்கும் வலிமை வேறு. 5 மாதிரியில் "இல்லை" என்று வந்தால் அது மூன்றாவது பொருள் தரும்.

அதே கிருமிக்கு உணவைப் பொறுத்து வரம்பு மாறுவதும் உண்டு. அப்படியே உண்ணும் உணவில் லிஸ்டீரியா மோனோசைட்டோஜீன்ஸ் வளர வாய்ப்பில்லை என்றால் கிராமுக்கு 100 வரை கோடெக்ஸ் ஏற்கிறது. வளரக்கூடிய உணவில் 25 கிராமில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. எனவே உங்கள் கோப்பில் உணவின் அமிலத்தன்மை, நீர்ச்செயல்பாடு (கிருமிகள் பயன்படுத்தக்கூடிய நீர் எவ்வளவு என்ற அளவீடு), சேமிக்கும் வெப்பநிலை, காலாவதி நாள் நான்கும் இருக்க வேண்டும். எந்தப் பக்கத்து வரம்பு பொருந்தும் என்பதை இவைதான் தீர்மானிக்கின்றன.

மாசு வரம்பைக் குறைக்கச் சொல்கிறீர்களா? ஓர் அட்டவணை போடுங்கள். இடப்பக்கம் நான்கைந்து உத்தேச வரம்புகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, மாதிரிகளில் எத்தனை சதவீதம் நிராகரிக்கப்படும், மக்களின் சராசரி உட்கொள்ளல் எவ்வளவு குறையும். கோடெக்ஸின் மாசுப் பொருள் குழு இப்படித்தான் விவாதிக்கிறது. ஓரளவுக்குக் கீழே இறக்கினால் நிராகரிப்பு வேகமாக ஏறும், உடல்நலப் பலனோ சொற்பமாகவே கூடும். அந்தத் திருப்பம் எங்கே என்று அட்டவணை காட்டிவிடும். நீங்கள் கேட்கும் வரம்பு சோதனை முறை நம்பகமாக அளக்கக்கூடிய அளவுக்குக் கீழே போய்விடக் கூடாது. போனால் அமலாக்கப் பிரிவே எதிர்க்கும்.

7. விதியை மாற்றாமல் தீருமா?

இந்தக் கேள்வியை ஆணையம் கட்டாயம் கேட்கும். ஒன்றும் செய்யாதிருத்தல், தொழில்துறைக்கான நடைமுறைக் கையேடு, லேபிள் எச்சரிக்கை, வரம்பு, முழுத் தடை. ஒவ்வொன்றுக்கும் யாருக்கு என்ன செலவு, யாருக்கு என்ன பலன் என்று எழுதுங்கள். ஒன்றும் செய்யாதிருத்தலை ஒரு வரியில் ஒதுக்காதீர்கள். மற்ற எல்லா வழிகளையும் அதோடுதான் ஒப்பிடுவார்கள்.

சிறு உற்பத்தியாளர்களுக்கு ஆகும் சோதனைச் செலவு, அமலாக்கும் அதிகாரிகளுக்குத் தேவையான ஆய்வுக்கூட வசதி இரண்டையும் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள்.

8. நாட்டு எல்லைக்கு வெளியே

1995 முதல் நடப்பில் இருக்கும் உலக வர்த்தக அமைப்பின் சுகாதார ஒப்பந்தம், கோடெக்ஸ் தரநிலைகளை ஒப்பீட்டுப் புள்ளியாக வைக்கிறது. அதைவிடக் கடுமையான விதி போட நாடுகளுக்கு உரிமை உண்டு, ஆனால் அறிவியல் ஆதாரம் வேண்டும். ஹார்மோன் கொடுத்து வளர்த்த மாட்டிறைச்சிக்கு ஐரோப்பா போட்ட தடை, இடர் மதிப்பீட்டின் மேல் நிற்கவில்லை என்று 1998-இல் அந்த அமைப்பின் மேல்முறையீட்டு அமர்வு சொன்னது இதனால்தான். ஆதாரம் போதாத நிலையில் தற்காலிக நடவடிக்கை எடுக்கலாம், அதை நியாயமான காலத்துக்குள் மறுபரிசீலனை செய்ய வேண்டும்.

வர்த்தகத்தைக் கணிசமாகப் பாதிக்கும் வரைவை மற்ற உறுப்பு நாடுகளுக்கு அறிவிக்க வேண்டும். கருத்துக்கு 60 நாள், வெளியிட்ட பிறகு அமலுக்கு வர ஆறு மாதம் என்பது வழக்கம். உங்கள் காலக் கணக்கில் இரண்டையும் சேருங்கள்.

கோடெக்ஸில் மாற்றம் கேட்டால் எட்டுப் படிகள். நாடுகளின் கருத்துக்கு இரண்டு சுற்று. அறிவியல் ஆலோசனை முடிந்தாலும் முடிவு நாடுகளின் கையில். கால்நடைகளில் இறைச்சியைக் கூட்டத் தீவனத்தில் சேர்க்கும் ராக்டோபமைன் என்ற மருந்தின் எச்ச வரம்பு 2012-இல் 69-க்கு 67 என்ற வாக்கில்தான் நிறைவேறியது.

9. வரைவும் கருத்துக் கேட்பும்

மதிப்பீடு முடிந்ததும் வரைவு வெளியாகும். கருத்துகளை ஆணையம் வாக்கு போல எண்ணுவதில்லை, பொருள்வாரியாகத் தொகுக்கிறது. ஒரே வாசகத்தில் ஆயிரம் கடிதம் வந்தாலும் தொகுப்பில் அது ஒரு வரி. புதிய தரவோடு வரும் ஒரே ஒரு கடிதத்துக்குத் தனிப் பதில் எழுதியாக வேண்டும்.

எனவே எழுதும் முறை இது. வரைவின் பிரிவு எண்ணைக் குறிப்பிடுங்கள். அந்த வாசகத்தில் என்ன தவறு என்று சொல்லுங்கள். மாற்று வாசகத்தை முழுதாக எழுதுங்கள். அதற்கான தரவை, அளந்த முறையோடு இணையுங்கள். மதிப்பீட்டு அறிக்கையின் எந்தக் கணக்கில் எந்த அனுமானம் தப்பு என்று காட்டினால் இன்னும் நல்லது. வரைவின் பின்னிணைப்பில் இருக்கும் உட்கொள்ளல் கணக்கைத் திறந்து பார்க்காமல் கருத்து அனுப்பாதீர்கள். முடிவைத் திருப்பக்கூடிய இடம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

எதிர்க்கிறீர்கள் என்றால் வரைவில் நீங்கள் ஏற்கும் பகுதியையும் சொல்லுங்கள். எது விவாதத்தில் இருக்கிறது, எது இல்லை என்று படிப்பவருக்குத் தெளிவாகும்.

10. முடிவுக்குப் பிறகு

ஏற்கலாம், திருத்தி ஏற்கலாம், நிராகரிக்கலாம். சில நாடுகளில் ஆணையத்தின் முடிவு அமைச்சர்கள் மேசைக்கும் போகும், மறுபரிசீலனை கேட்டு அவர்கள் திருப்பியும் அனுப்பலாம்.

முடிவறிக்கையில் மூன்றைத் தேடுங்கள். முதலில், அமலுக்கு வரும் தேதி. அடுத்து, அதற்கு முன் தயாரித்த சரக்கை எதுவரை விற்கலாம். இதைத் தெளிவாகக் கேட்காமல் விட்டதால், பழைய லேபிளோடு கிடங்கில் தேங்கிய பொட்டலங்களை என்ன செய்வது என்று கடைசி வாரத்தில் அலைகிறவர்களை ஒவ்வொரு மாற்றத்தின்போதும் பார்க்கிறேன். இந்தக் கேள்வியைக் கருத்துக் கேட்பிலேயே எழுப்புங்கள். மூன்றாவது, ஆணையம் எந்தத் தரவு போதவில்லை என்று குறித்திருக்கிறது. நிராகரிப்பு என்றால் அந்தப் பத்திதான் அடுத்த விண்ணப்பத்துக்கான வேலைப் பட்டியல். அதைத் தனித் தாளில் எழுதி, ஒவ்வொரு வரிக்கும் எதிரே அதைச் செய்யப்போகிற ஆய்வுக்கூடத்தையும் தேதியையும் போட்டுவிட்டுத்தான் மறு விண்ணப்பத்தைத் திறக்க வேண்டும்.